ஹீட் பம்ப் வாங்கும் முன் ஒர்க்ஷீட்டைத் திறங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரங்களில் ஒரு கேள்வி கேட்பார்கள். கடிதம் டைப் செய்தாயிற்று, பாட்டுக் கேட்டாயிற்று, போட்டோக்களைச் சேமித்தாயிற்று. இனி இதை வைத்து வீட்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்? ஒரு ஸ்ப்ரெட்ஷீட் புரோகிராமை வைத்துக்கொண்டு, பல ஆயிரம் பவுண்ட் விழுங்கும் ஒரு முடிவைச் சரியாக எடுக்கலாம் என்பேன். எக்ஸெல் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், அது இலவசம்.

எந்த முடிவு என்கிறீர்களா? பிரிட்டனில் வாழும் நம் வாசகர்களுக்கு இது உடனே புரியும். ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் என்று நம்மவர்கள் வாழும் பகுதிகளில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக வைத்திருப்பது ஒரு கேஸ் பாய்லர். அது நீரைச் சூடாக்கும்; பம்ப் அந்த நீரைக் குழாய்கள் வழியே அறைதோறும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்பும்; ஆறிய நீர் மீண்டும் பாய்லருக்கு வரும். இந்த ஏற்பாட்டில் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்பைச் சேர்க்கலாமா என்பதுதான் இப்போது பல வீடுகளில் நடக்கும் விவாதம்.

இரண்டு கட்சி இருக்கிறது. "பில் பாதியாகிவிடும்" என்பது ஒன்று. "வீடு ஐஸ் பெட்டியாகிவிடும், பில் இரண்டு மடங்காகும்" என்பது மற்றொன்று. ஒரே மாடல் ஒரு வீட்டில் நன்றாக ஓடும், பக்கத்து வீட்டில் காசைக் கரைக்கும். காரணம் பெரும்பாலும் இயந்திரத்தின் பிராண்ட் அல்ல. ரேடியேட்டருக்குப் போகும் நீர் எத்தனை டிகிரி சூடு என்பதுதான். அந்த எண்ணை நீங்களே கண்டுபிடிக்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள் என்பதே என் கட்சி.

ஏன் அந்த ஒரு எண்?

நம் ஊர் ஏ.சி. என்ன செய்கிறது? அறையின் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. ஹீட் பம்ப் அதையே திருப்பிச் செய்கிறது. வெளிக் காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து உள்ளே இருக்கும் நீரில் சேர்க்கிறது. வெளியே 0 டிகிரி என்றாலும் காற்றில் வெப்பம் இருக்கத்தான் செய்கிறது. இந்த வழியில் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று, பின்னாளில் லார்டு கெல்வின் என்று அறியப்பட்ட வில்லியம் தாம்சன் 1852லேயே எழுதினார். கடுங்குளிர் நாடுகளான நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகியவைதான் ஐரோப்பாவில் வீட்டுக்கு வீடு ஹீட் பம்ப் அதிகம் உள்ள நாடுகள். ஆகவே "குளிர் நாட்டில் இது ஓடாது" என்ற பேச்சை ஒதுக்கிவிடலாம்.

1 யூனிட் மின்சாரம் செலவழித்து எத்தனை யூனிட் வெப்பம் தருகிறது என்பதை சி.ஓ.பி. என்கிறார்கள். இது நிலையான எண் அல்ல. வெளிக் காற்றுக்கும் நீருக்கும் இடையே ஏற வேண்டிய படி உயர உயர, சி.ஓ.பி. இறங்கும். வெளியே 7 டிகிரி இருக்கும்போது 35 டிகிரி நீருக்கு 4.5 போலத் தரும் இயந்திரம், 55 டிகிரி நீர் கேட்டால் 3 அளவுக்கு இறங்கிவிடும். விளம்பரத்தில் முதல் எண்ணைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். உங்கள் வீட்டில் இரண்டாவது எண்தான் ஓடுகிறது என்றால் உங்களுக்கு அதனால் என்ன பயன்? கம்ப்யூட்டர் வாங்கும்போது கிகா ஹெர்ட்ஸை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள் என்கிறோம் அல்லவா, அது போலத்தான்.

முதல் கணக்கு: வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை?

உங்கள் பாய்லரின் லேபிளில் 24 அல்லது 30 கிலோவாட் என்று இருக்கும். அது வீட்டைச் சூடாக்கத் தேவையான அளவு அல்ல. காம்பி பாய்லர் குழாயைத் திறந்ததும் ஷவருக்கு வெந்நீர் தர வேண்டும். அதற்காகவே அவ்வளவு பெரியதாகச் செய்யப்படுகிறது. லேபிளைப் பார்த்து ஹீட் பம்ப் அளவைச் சொல்பவர் கணக்குப் போடவில்லை என்று பொருள்.

நல்ல குளிர் நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வீட்டை நாள் முழுவதும் ஒரே சூட்டில் வைத்து, காலையிலும் மறுநாள் அதே நேரத்திலும் கேஸ் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். சமையலுக்கும் குளியலுக்கும் ஆனதைத் தோராயமாகக் கழித்துவிடுங்கள். இப்போது புதிய ஒர்க்ஷீட்டைத் திறங்கள். ஏ வரிசையில் பெயர்களையும் பி வரிசையில் எண்களையும் டைப் செய்யுங்கள்.

பி1: செலவான எரிவாயு, 12 கன மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.
பி2: ஒரு கன மீட்டருக்குரிய கிலோவாட் அவர், 11.2. உங்கள் பில்லில் உள்ள விவரப்படி இது சற்று மாறும்.
பி3: பாய்லரின் திறன், 0.85.
பி4: மணி நேரம், 24.
பி5: வீட்டுக்குள் 20 டிகிரி.
பி6: வெளியே அன்றைய சராசரி, 2 டிகிரி.

பி7 செல்லில் சமக்குறி போட்டு, முதல் மூன்று செல்களையும் பெருக்கி பி4 ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 4.76 கிலோவாட் என்று வரும். அன்று உங்கள் வீடு சராசரியாக இழந்த வெப்பம் அது. பி8 செல்லில், பி7-ஐ உள்ளே வெளியே வித்தியாசமான 18 டிகிரியால் வகுத்தால் 0.26 வரும். அதாவது ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் கால் கிலோவாட்டுக்குச் சற்று மேல். லண்டன் போன்ற இடத்தில் மோசமான இரவுக்கு மைனஸ் 2 டிகிரி என்று எடுத்துக்கொண்டால் வித்தியாசம் 22 டிகிரி. பி9 செல்லில் பி8-ஐ 22 ஆல் பெருக்குங்கள். 5.8 கிலோவாட்.

பார்த்தீர்களா? பாய்லர் 30, வீட்டின் தேவை 6. அதே வீட்டுக்கு 12 கிலோவாட் ஹீட் பம்ப் போட வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க உங்கள் கையில் இப்போது ஒரு தாள் இருக்கிறது. தேவைக்கு மீறிப் பெரிய இயந்திரம் விலையும் அதிகம். மிதமான நாட்களில் ஓடுவதும் நிற்பதுமாக இருந்து மின்சாரத்தையும் வீணாக்கும்.

இரண்டாவது கணக்கு: ரேடியேட்டர் போதுமா?

ரேடியேட்டர் தயாரிப்பாளர் தரும் வாட் எண், நீரின் சராசரிச் சூடு அறையைவிட 50 டிகிரி அதிகம் இருக்கும் என்ற கணக்கில் தரப்படுவது. நீரின் சூட்டைக் குறைத்தால் அந்த எண் வேகமாகச் சரியும். அறை 20 டிகிரி, நீர் போகும்போது ஒரு சூடு, திரும்பும்போது 5 டிகிரி குறைவு என்று வைத்துக்கொண்டால், 55 டிகிரி நீரில் ரேடியேட்டர் தருவது லேபிளில் உள்ளதில் 57 சதவீதம். 50 டிகிரியில் 46 சதவீதம். 45 டிகிரியில் 35 சதவீதம்.

இரண்டாவது ஒர்க்ஷீட்டில் அறைக்கு ஒரு வரி எழுதுங்கள். அறையின் பெயர், அதற்குத் தேவையான வாட், ரேடியேட்டரின் வாட், அதை 0.46 ஆல் பெருக்கியது. 600 வாட் தேவைப்படும் படுக்கையறையில் 1000 வாட் ரேடியேட்டர் இருக்கிறது என்றால், 50 டிகிரி நீரில் அது 460 வாட்தான் தரும். போதாது. ஒற்றைத் தகடு ரேடியேட்டரை அதே அகலமுள்ள இரட்டைத் தகடாக மாற்றினால் ஒன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும், வேலை முடிந்தது. இப்படிப் பார்த்தால் எல்லா ரேடியேட்டரையும் மாற்ற வேண்டியதில்லை, இரண்டோ மூன்றோ போதும் என்று பல வீடுகளில் தெரியவரும்.

குழாயையும் மறக்காதீர்கள். பாய்லர் நீர் போகும்போதும் வரும்போதும் 20 டிகிரி வித்தியாசம் வைத்து ஓட முடியும். அப்போது 6 கிலோவாட் வெப்பத்துக்கு நிமிடத்துக்கு 4 லிட்டர் சொச்சம் நீர் போதும். ஹீட் பம்ப் 5 டிகிரி வித்தியாசத்தில் ஓடினால் நிமிடத்துக்கு 17 லிட்டர் ஓட வேண்டும். உங்கள் வீட்டில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் மெல்லிய குழாய்கள் போடப்பட்டிருந்தால், அவை இதைத் தாங்குமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள்.

காசில்லாத சோதனை

கணக்கு வேண்டாம், நேரில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும் வழி உண்டு. காம்பி பாய்லரில் இரண்டு செட்டிங் இருக்கும். ரேடியேட்டர் படம் போட்டது ஹீட்டிங்குக்கு. குழாய் படம் போட்டது வெந்நீருக்கு. குளிர் காலத்தில் ரேடியேட்டர் செட்டிங்கை மட்டும் 50 டிகிரிக்குக் குறையுங்கள். எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் முழுதாகத் திறந்து, ஹீட்டிங்கை இரண்டு மூன்று நாட்கள் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். வெளியே 0 டிகிரியை ஒட்டி இருக்கும்போதும் அறைகள் 20 டிகிரியில் நின்றால், உங்கள் வீடு ஏறக்குறைய தயார். எந்த அறை பின்தங்குகிறதோ அந்த அறையின் ரேடியேட்டரைத்தான் மாற்ற வேண்டும். இந்தச் சோதனையால் நஷ்டம் இல்லை. நீர் நன்றாக ஆறித் திரும்பும்போது கண்டென்சிங் பாய்லர் வாயுவையும் குறைவாகவே எரிக்கும்.

ஓர் எச்சரிக்கை. பாய்லர் சூடாக்கும் தனி வெந்நீர் டாங்க் உங்கள் வீட்டில் இருந்தால் இப்படிக் குறைக்காதீர்கள். டாங்க் நீர் 60 டிகிரிக்குச் சூடாக வேண்டும்; இல்லையேல் லெஜியோனெல்லா கிருமி வளர இடம் உண்டு. வீட்டில் முதியவரோ, கைக்குழந்தையோ, நோயாளியோ இருந்தால் அறைகள் குளிர்ந்துபோகும் அளவுக்குச் சோதனையை நீட்டாதீர்கள். பாய்லரின் மூடியை நீங்கள் கழற்றவே கூடாது.

மூன்றாவது கணக்கு: பில் என்ன ஆகும்?

பிரிட்டனில் 2025 அக்டோபர் முதல் டிசம்பர் வரை இருந்த விலை வரம்பில், சராசரியாக மின்சாரம் யூனிட் 26.35 பென்ஸ், எரிவாயு 6.29 பென்ஸ். மின்சாரம் நான்கு மடங்குக்கு மேல். ஆண்டுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவைப்படும் வீட்டை எடுத்துக்கொள்வோம். 85 சதவீதத் திறனுள்ள பாய்லருக்கு எரிவாயுச் செலவு சுமார் 740 பவுண்ட். ஹீட் பம்ப்பின் ஆண்டுச் சராசரி சி.ஓ.பி. 2.8 என்றால் மின்சாரச் செலவு சுமார் 941 பவுண்ட். 4 என்றால் 659 பவுண்ட். இரண்டும் சமமாகும் இடம் 3.56.

2.8 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. பிரிட்டிஷ் அரசின் சோதனைத் திட்டம் ஒன்றில் 742 வீடுகளில் ஹீட் பம்ப் பொருத்தி அளந்தார்கள். காற்றிலிருந்து வெப்பம் எடுப்பவற்றின் நடு அளவு ஏறத்தாழ 2.8. அதே சமயம், வேல்ஸைச் சேர்ந்த ஓப்பன் எனர்ஜி மானிட்டர் குழுவினர் நடத்தும் பொது இணையதளத்தில் வீட்டுக்காரர்கள் தங்கள் அளவுகளைப் பகிர்கிறார்கள். அவற்றில் 4-ஐ எட்டும் வீடுகள் பல உண்டு. 200 பவுண்ட் நஷ்டத்துக்கும் 80 பவுண்ட் லாபத்துக்கும் இடையே நிற்பது, பெரும்பாலும் வடிவமைப்பும் செட்டிங்கும்தான்.

இந்த விலைகள் மாறும். ஆகவே உங்கள் பில்லில் உள்ள எண்ணைப் போடுங்கள். ஹீட் பம்ப் வைத்திருப்போருக்கென்று மலிவான மின் கட்டணம் தரும் நிறுவனங்களும் உண்டு. அந்த எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஒரு செல்லை மாற்றினால் விடை தானாக மாறும் என்பதுதானே ஸ்ப்ரெட்ஷீட்டின் அழகு?

காசு மட்டும் கணக்கல்ல என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பரில் மூடப்பட்டது. அந்த ஆண்டு ஒரு யூனிட் மின்சாரத்துக்கு வெளியான கார்பன் டை ஆக்சைடு சுமார் 125 கிராம். 2.8 தரும் ஹீட் பம்ப்பில் ஒரு யூனிட் வெப்பத்துக்கு 45 கிராம். பாய்லரில் 200 கிராமுக்கு மேல். சுமாராக ஓடும் ஹீட் பம்ப் கூடக் காற்றுக்கு நல்லதுதான். ஆனால் பென்ஷனில் வாழும் பெற்றோர் வீட்டில் ஆண்டுக்கு 200 பவுண்ட் கூடுதல் பில் என்பது சிறிய விஷயமல்ல. கணக்குப் போட்டால் இரண்டையும் காப்பாற்றலாம் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

பழைய பாய்லரையும் வைத்துக்கொள்ளலாமா?

"பாய்லர் இருக்கட்டும், ஹீட் பம்ப்பைக் கூடச் சேர்ப்போம்" என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய, பழைய, சுவர்களில் காப்பு இல்லாத வீட்டுக்கு இது நியாயமான ஏற்பாடு. மற்ற நாட்களில் ஹீட் பம்ப். கடுங்குளிர் நாட்களில் பாய்லர் துணை. ஆனால் இரண்டு இயந்திரங்களுக்கும் ஒரே மூளை வேண்டும். எந்தச் சூட்டில் எது ஓட வேண்டும் என்று ஒரே கன்ட்ரோலர் முடிவு செய்யாவிட்டால், பாய்லரின் கொதிநீர் ஹீட் பம்ப்புக்குத் திரும்பி, அது "வேலை முடிந்தது" என்று நின்றுவிடும். பிறகு நீங்கள் வாங்கியது தோட்டத்தில் நிற்கும் ஓர் அலங்காரப் பெட்டிதான்.

செலவையும் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022ல் தொடங்கிய மானியத் திட்டம் முதலில் 5,000 பவுண்ட் தந்தது. 2023 அக்டோபரில் அது 7,500 ஆனது. பழைய பாய்லரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் போடுவோருக்கென்று வகுத்த திட்டம் அது. கலப்பு ஏற்பாடுகளை அதில் சேர்க்கவில்லை. பாய்லரை வைத்திருந்தால் எரிவாயு இணைப்புக்கான நிலைக் கட்டணமும் தொடரும். அது ஆண்டுக்கு நூறு பவுண்டுக்கு மேல். எனவே "எதற்கும் இருக்கட்டும்" என்பதற்காக மட்டும் பாய்லரை வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் இரண்டு ஒர்க்ஷீட்டுகளும் வீடு 50 டிகிரியில் சமாளிக்கும் என்று சொன்னால், பாய்லரை விடலாம். காம்பியை விட்டால் வெந்நீர் டாங்க் வைக்க ஓர் அலமாரி அளவு இடம் வேண்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

செட்டிங் உங்கள் கையில் இருக்கட்டும்

ஹீட் பம்ப்புக்குள் ஒரு சிறிய கம்ப்யூட்டர் இருக்கிறது. வெளிக் காற்றின் சூட்டைப் பார்த்து நீரின் சூட்டை மாற்றுவது அதன் முக்கிய வேலை. உதாரணமாக, வெளியே மைனஸ் 2 என்றால் நீர் 45 டிகிரி. வெளியே 15 என்றால் நீர் 28 டிகிரி. இடையே ஒரு நேர்கோடு. வெளியே 1 டிகிரி ஏறினால் நீரில் 1 டிகிரி இறங்கும். இந்தக் கோட்டைச் சரியாக அமைப்பதில்தான் உங்கள் பில் இருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், புகார் வரக் கூடாதே என்று பொருத்துபவர் இந்தக் கோட்டை உயரமாக வைத்துவிட்டுப் போவது உண்டு. பாஸ்வேர்டைச் சொல்லாமலும் போவார்கள். நம் கம்ப்யூட்டரை வாங்கிவிட்டு அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டைக் கடைக்காரரிடமே விட்டுவிடுவோமா? இதிலும் விடக் கூடாது. அந்தக் கோட்டை மாற்றும் வழியை எழுதி வாங்குங்கள். பிறகு வாரத்துக்கு 1 டிகிரி வீதம் இறக்கிப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது குளிர்ந்தால் ஒரு படி ஏற்றுங்கள். அங்கேயே நிறுத்துங்கள்.

இன்னொன்று. செல்போனில் ஆன், ஆஃப் செய்யும் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் மீது நமக்கெல்லாம் ஆசை உண்டு. ஹீட் பம்ப் மெதுவாக, நிற்காமல், குறைந்த சூட்டில் ஓடும்போதுதான் சிக்கனம். அதை அணைத்து அணைத்துப் போடும் கருவி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டும். அந்தக் காசில் மின்சாரத்தையும் வெப்பத்தையும் அளக்கும் மீட்டர் வாங்குங்கள். மாதக் கடைசியில் இரண்டு எண்ணையும் ஒர்க்ஷீட்டில் ஏற்றி வகுத்தால் உங்கள் சி.ஓ.பி. தெரிந்துவிடும்.

"இதெல்லாம் இன்ஜினியர் வேலை அல்லவா?" என்று கேட்கலாம். ஆம், அவர் வேலைதான். எம்.சி.எஸ். சான்று பெற்ற நிறுவனம் அறை அறையாக வெப்ப இழப்பைக் கணக்கிட்டே ஆக வேண்டும். நான் சொல்வது அவருக்குப் பதில் நீங்கள் கணக்குப் போடுங்கள் என்பதல்ல. அவர் கணக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருங்கள் என்பதே. அவரிடம் மூன்று கேள்விகள் போதும். வீட்டின் வெப்ப இழப்பு எத்தனை கிலோவாட்? மோசமான குளிரில் நீர் எத்தனை டிகிரி? அந்த டிகிரியில் ஒவ்வொரு ரேடியேட்டரும் எத்தனை வாட் தரும்? மூன்றுக்கும் தாளில் விடை தருபவரிடம் வேலையைக் கொடுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார்" என்பவருக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

குளிர் காலம் தொடங்கும்போது ஒரு ஃபைலைத் திறந்து, "ஹீட்டிங்" என்று பெயர் கொடுத்து சேவ் செய்யுங்கள். முதல் வரியில் இன்றைய கேஸ் மீட்டர் எண்ணை டைப் செய்யுங்கள். விற்பனையாளர் கதவைத் தட்டும்போது உங்களிடம் ஒரு குளிர் காலத்தின் கணக்கு இருக்கும்.